சாம்பிராணிக் கோடவுனில் தங்கிய டீ

எனக்கு மூக்கு வேலை செய்யாது.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக இதை உங்களிடம் சொல்லாமல் ஓட்டிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவன் நான். சாம்பிராணிக் கட்டியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "முதல் தரம்ங்க, எடுத்துட்டுப் போங்க" என்பேன். வாங்க வந்தவர் மரியாதையோடு பார்ப்பார். கண்ணை மூடுகிற அந்த நேரத்தில் நான் எதையும் முகர்வதில்லை. மத்தியானம் வீட்டில் என்ன குழம்பு என்று யோசிப்பேன்.

கற்பூரம், ஜவ்வாது, ஊதுபத்தி, வெட்டிவேர் என்று வருஷக்கணக்காக அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததில் மூக்கு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது. வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தால்கூட எனக்குத் தெரியாது. என் மனைவி சுமதி ஓடுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

இந்த மூக்கை வைத்துக்கொண்டு நான் டீ வியாபாரத்தில் இறங்கினேன். என் டீ இல்லை, சம்பந்தியுடைய டீ. கெடுத்தால் சொந்தப் பொருளைக் கெடுக்க வேண்டும் என்கிற நாகரிகம்கூட எனக்கு இல்லை.

வரதன் சாமியின் உள்ளங்கை

மேலச் சித்திரை வீதியில் வரதன் சாமி மெஸ் நடத்துகிறார். காலை டிபன் கூட்டம் கலைந்திருந்த நேரம். கூடத்தில் இலை எடுத்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டுக்குள் வரதன் சாமி. வாசல்படிக்கு இந்தப் பக்கம் நானும் என் சம்பந்தி போஜனும். அவருடைய அடுப்புப் பக்கம் வெளியாள் யாரும் போகக் கூடாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அந்தப் படியைத் தாண்டியதில்லை.

போஜன் என் பெண் கவிதாவின் மாமனார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். பங்குனி வெயிலில் கையில்லாத ஸ்வெட்டர். கேட்டால், "மலை இறங்கறப்போ குளிருச்சு சம்பந்தி. அப்புறம் கழட்ட மறந்துட்டேன்" என்பார். எப்போது வந்தாலும் மறந்துவிடுவார்.

டீத்தூளை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் கடையிலிருந்து நான்தான் கொண்டுவந்திருந்தேன். தூள் என்று சொல்லக் கூடாது, இலை. முறுக்கிச் சுருட்டிய கறுப்பு இலை. போஜன் படிக்கு வெளியே நின்றபடி சொல்லச் சொல்ல, வரதன் சாமி செய்தார்.

"தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சிடுங்க சாமி. அப்புறம் இலையைப் போட்டு மூடிடுங்க."

"கொதிக்க விட வேண்டாமா?"

"வேண்டாம் சாமி."

"பாலு?"

"வேண்டாம்."

"சக்கரை?"

"கொஞ்சம் போட்டுக்கலாம்" என்றார் போஜன், பெரிய சலுகை கொடுப்பவர் போல.

வரதன் சாமி எதையும் தம்ளரில் ருசி பார்க்க மாட்டார். கரண்டியால் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு உறிஞ்சுவார். சாம்பார், ரசம், பாயசம் எல்லாவற்றுக்கும் அதே உள்ளங்கைதான். டீக்கும் அப்படியே செய்தார். உறிஞ்சினார். கண்ணை மூடினார். பிறகு அந்தக் கை மெதுவாக மேலே எழும்பி, உச்சந்தலையைத் தடவிவிட்டு இறங்கியது.

கோயிலில் பெருமாள் தீர்த்தம் வாங்கிக் குடித்ததும் கையில் மிஞ்சிய ஈரத்தைத் தலையில் துடைத்துக்கொள்வோம் இல்லையா, அது.

நான் பெருமையாகச் சிரித்தேன். டீ அவ்வளவு பிரமாதம் என்று நினைத்துவிட்டேன்.

வரதன் சாமி கண்ணைத் திறந்து தன் கையையே பார்த்தார். "ஓய், கை தானா தலைக்குப் போறதே. இதுல பச்சைக் கற்பூரம் போட்டிருக்கேளா என்ன?"

போஜன் சம்படத்தை வாங்கித் திறந்து முகர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பால் தீய்ந்தபோது சுமதியின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

டீக்கொட்டை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நான் முன்னால் போய் நல்லது எதுவும் நடந்ததில்லை.

கவிதாவும் மாப்பிள்ளையும் துவாக்குடியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர்களே பார்த்து, அவர்களே முடிவு செய்து, எங்களிடம் தகவல் சொன்னார்கள். இப்போது அரியமங்கலத்தில் குடியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு பட்டறையில் சூப்பர்வைசர்.

நிச்சயம் பேச அவர்கள் ஊருக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் ஊரை ஹட்டி என்கிறார்கள். சரிவு முழுக்கப் பச்சை. நான் ஜீயபுரத்தில் வாழைத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்தவன். விவசாயம் எனக்குத் தெரியாததா என்கிற தோரணையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன்: "உங்களுக்கு இந்த டீக்கொட்டை எந்த மாசம் காய்க்குங்க?"

காபிக்குக் கொட்டை இருந்தால் டீக்கும் இருக்கும் என்பது என் கணக்கு. வறுத்து அரைத்தால் தூள்.

போஜன் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. "விட்டா காய்க்கும் சம்பந்தி. நாங்க விடறதில்ல. அதுக்குள்ள கொழுந்தைப் பறிச்சிருவோம்" என்றார். என் மானம் காப்பாற்றப்பட்டது. ஆனால் சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் பாத்திரம் விழுகிற மாதிரி ஒரு சிரிப்புக் கேட்டது. அந்த அம்மாவுக்கு மனசில் இருப்பது வாயில் இருக்கும். போஜனுக்கு வாயில் வருவதெல்லாம் மனசோடு நின்றுவிடும்.

பிறகு எங்களுக்கு டீ வந்தது. நான் பாதி குடித்துவிட்டு, மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் எங்கேயாவது காபி கிடைக்குமா என்று கேட்டேன்.

விலை அடுத்த மாசம்

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் அங்கே போய்த் தங்கினேன்.

காலையில் போஜனும் சம்பந்தியம்மாவும் பிளாஸ்டிக் ஷீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆள் வைக்கவில்லையா என்றேன். "ஆள் கூலி குடுத்தா இலைக்கு வர்ற காசு அதுலயே போயிரும். அதுக்கு மேல கைக்காசும் போடணும்" என்றார் போஜன். நானும் ஒரு கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மத்தியானம் வரை பறித்ததில் என் கூடையின் அடி மறையவில்லை. அதிலும் பாதியைச் சம்பந்தியம்மா முற்றின இலை என்று பொறுக்கி எறிந்தார்.

சாயந்திரம் மூட்டைகளை ரோட்டோரக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். ஃபாக்டரி லாரி வந்தது. லாரிக்காரர் மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். எடை பார்த்தார். ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்தார். பெய்கிற மழையில் இலை ஈரமாகத்தானே இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான் வியாபாரி இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன விலைங்க போடறீங்க?"

லாரிக்காரர் என்னை, கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அடுத்த மாசம் தெரியும் அண்ணே."

"அடுத்த மாசமா? இலை இன்னிக்குப் போகுது?"

"ஆமாண்ணே. டீத்தூள் ஏலம் எப்படிப் போகுதோ அதப் பாத்துப் போடுவாங்க."

லாரி போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். என் கடையில் ஒருவர் ஒரு பாக்கெட் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு, "அடுத்த மாசம் வந்து நானே ஒரு விலை சொல்றேன், ஈரத்துக்குக் கழிச்சிடுவேன்" என்று போனால், நான் பின்னாலேயே காவிரிப் பாலம் வரைக்கும் ஓடியிருப்பேன்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன?" என்றேன் போஜனிடம்.

"பறிச்ச இலை அன்னிக்கே போயாகணும் சம்பந்தி. மூட்டைல வச்சா சூடேறிச் செவந்துரும். கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இன்னொரு விஷயமும் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்த இரண்டு ஏக்கரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். செடியைப் பிடுங்கிவிட்டு டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டப்போகிறாராம். அந்த இடத்திலிருந்து வியூ நன்றாக இருக்கிறதாம்.

"முப்பது வருசமா குனிஞ்சு செடியத்தான் பாத்தேன்" என்றார் போஜன். "வியூவ நான் இன்னும் பாக்கல."

சிரித்தோம். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. "நம்மால முடியாது, குடுத்துருங்கன்னு நான் சொல்லல. முடியலைன்னா குடுத்துருங்கன்னு சொல்றேன்" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எறும்பு வராத இடம்

போன குளிர்காலத்தில் போஜனும் பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு காரியம் செய்தார்கள். கொஞ்சம் இலையை ஃபாக்டரிக்குப் போடாமல் நிறுத்திவைத்து, தாங்களே வாட்டி, கையாலும் ஒரு சின்ன மெஷினாலும் சுருட்டி, காயவைத்து, டீயாக்கினார்கள். பனி விழுகிற நாளில் செடி மெதுவாக வளருமாம். அந்த இலைக்கு ருசியே தனியாம். நாலு வீட்டு உழைப்பும் சேர்ந்து ஒரு மூட்டை தேறியது.

போனில் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். ஃபாக்டரிக்குப் போகாமல் நேராக விற்க ஒரு இடம் கிடைத்தால் தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் சித்திரை பிறந்ததும் கோயம்புத்தூர்க்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

"இவ்வளவுதானே சம்பந்தி?" என்றேன். இவ்வளவுதானே என்று நான் ஆரம்பித்த காரியங்களைத்தான் இந்தத் தொடரில் நீங்கள் வாராவாரம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வரதன் சாமியைப் பிடித்தேன். அவர் மெஸ்ஸுக்கு வடக்கேயிருந்து வேன் வேனாக யாத்ரிகர்கள் வருகிறார்கள். "வர்றவா யாருக்கும் காபி வேண்டாமாம். டீ, டீன்னு பிராணனை வாங்கறா. நல்லதா இருந்தா கொண்டாரும், பாப்போம்" என்றார்.

மூட்டையைப் போஜனே கொண்டுவந்தார். பஸ்ஸில் கால் வைக்கிற இடத்தில் அதை வைத்து, மேலே காலை வைக்காமல் மடக்கிக்கொண்டே வந்திருக்கிறார். சுமதி காபி கொடுத்தாள். எங்கள் வீட்டுக் காபிக்குத் தெருவில் பேர் உண்டு. குடித்துவிட்டு, "மூட்டைய வீட்டுலயே வச்சிருங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, கவிதாவைப் பார்க்க அரியமங்கலம் போய், அப்படியே ஊர் திரும்பிவிட்டார். வரதன் சாமி பத்து நாள் கழித்துத்தான் நேரம் கொடுத்திருந்தார்.

"அலமாரிக்கு மேல வைங்க" என்றாள் சுமதி.

நான் விடுவேனா? வீட்டில் எறும்பு. ஆற்றங்கரை ஊர், சுவரெல்லாம் ஓதம். எலி வேறு. நாலு வீட்டு உழைப்பை இப்படியா வைப்பது? ஸ்ரீரங்கத்திலேயே எறும்பு, பூச்சி, எலி, பாச்சை எதுவும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றுதான் உண்டு. என் கடைக்குப் பின்னால் இருக்கிற கோடவுன். ஒரு பக்கம் கற்பூரப் பெட்டி, ஒரு பக்கம் சாம்பிராணி மூட்டை. நடுவில் ராஜா மாதிரி டீயை வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் தப்பித்திருக்கும். சாம்பிராணி மூட்டையின் வாயைக் கட்டி வைத்தால் வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் தொழிலில் மூட்டையைத் திறந்துதான் வைப்போம். டீ மூட்டையும் புழுங்கக் கூடாதே என்று, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்து, வாயை நன்றாக விரித்துவிட்டேன்.

பத்து நாளும் போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒரு எறும்பு வரவில்லை.

உம்மைக் கேக்கலை

மெஸ்ஸில், வாசல்படிக்கு இந்தப் பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு விஷயத்தையும் சொன்னேன். வரதன் சாமி சிரித்த சிரிப்பில் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்போ போன வருஷம் எனக்கு முதல் தரம்னு குடுத்த சாம்பிராணி?"

"அது முதல் தரம்தான் சாமி. மொத்தக் கடைக்காரர் சொன்னார்."

போஜன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சம்படத்தை மூடி, துணிப்பையில் வைத்தார்.

"மூட்டை என் செலவு சம்பந்தி. முழுசா நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

"காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குளிர் இனிமே அடுத்த வருசம்தான் வரும்" என்றார். பிறகு, "மத்த மூணு வீட்டுக்கும் என்னன்னு சொல்றது?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக் கேட்டார்.

வேடிக்கை பேசியே பிழைத்தவன் நான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வேடிக்கையும் கிடைக்கவில்லை.

வரதன் சாமிதான் பேசினார். "இது ஒண்ணுதான் இருக்கா? வேற துளி இல்லையா?"

போஜன் யோசித்தார். பிறகு துணிப்பையின் அடியிலிருந்து, வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில் வைத்திருந்த சின்னப் பொட்டலத்தை எடுத்தார். கவிதாவுக்காகக் கொண்டுவந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மெஸ்ஸுக்கு வந்ததால் அது என் கடையைப் பார்க்காமல் தப்பியிருந்தது.

நான் அதை வாங்கக் கை நீட்டினேன். வரதன் சாமி, "நீர் தொடாதேயும்" என்றார். பிறகு போஜனைப் பார்த்து, "நான் போட்டா சரியா வராது. கை காலை அலம்பிண்டு நீரே உள்ளே வந்து போடும்" என்றார்.

போஜன் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, படியைத் தாண்டி உள்ளே போனார். நான் இத்தனை வருஷமாக நின்ற இடத்திலேயே ஸ்வெட்டரோடு நின்றேன்.

இந்தத் தடவை வரதன் சாமி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு உறிஞ்சினார். கை தலைக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். அப்புறம், என் அனுபவத்தில் முதல் முறையாக, தம்ளரை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

"பேஷா இருக்கு. ஆனா இந்த நிறத்துக்கு எங்க வேன்காரா ஒத்துக்க மாட்டா. அவாளுக்குப் பாலும் வேணும், கறுப்பா இருக்கவும் வேணும். அதுக்கு என்ன வழி?"

"வெயில் கால இலைல கெட்டியா வரும் சாமி. அதுக்குப் பால் தாங்கும். இது தனி. சும்மா குடிக்கறதுக்கு."

"சரி, ரெண்டும் அனுப்பும். மாசா மாசம் எடுத்துக்கறேன். என்ன விலை?"

கேள்வி யாருக்கோ என்பதுபோல, போஜன் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவருக்கு விலை தெரியாமல் இல்லை. அத்தனை வருஷமாக அவரிடம் எல்லோரும் விலையைச் சொல்லித்தான் இருக்கிறார்கள். கேட்டதில்லை.

அவர் பார்த்தது எனக்குப் போதாதா? "சாமி, நம்ம ஆளுதானே, பாத்துப் போட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஓய், உம்மைக் கேக்கலை" என்றார் வரதன் சாமி.

போஜன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சித்திரை வீதி வெயிலில் நின்று பேசினார். நாலு வார்த்தை அவர் பேசினார், நாற்பது வார்த்தை கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து ஒரு விலை சொன்னார். தைரியமான விலை. வரதன் சாமி, "இது நீர் சொல்ற விலையா தெரியலையே, ஆத்துக்காரி சொன்னதா?" என்று கேட்டு, கொஞ்சம் பேரம் பேசி, கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. சரக்கு நேராக மெஸ்ஸுக்கு வர வேண்டும். என் கடை இருக்கிற தெருப் பக்கமே வரக் கூடாது.

பஸ் ஏற்றிவிட்ட பிறகு

போஜனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நடந்ததைக் கேட்ட சுமதி, அலமாரியைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போனாள். போஜனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். பொட்டலத்தில் மிச்சம் இருந்த டீயைக் கவிதாவிடம் கொடுக்கச் சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "கோயம்புத்தூர்க்காரர சித்திரைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன் சம்பந்தி. அடுத்த சித்திரைய அப்புறம் பாப்போம்" என்றார். பஸ் கிளம்புகிறபோது பார்த்தால் ஸ்வெட்டர் என் கையில் இருந்தது.

மூட்டை இன்னும் என் கோடவுனில்தான் இருக்கிறது. இனி அதற்கு எந்த ஆபத்தும் இல்லை.

மறுநாள் சம்பந்தியம்மா போன் செய்தார். மூட்டைக்காகத் திட்டப்போகிறார் என்று தயாராக எழுந்து நின்றுகொண்டேன். அவர் மூட்டையைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணா, இவரு நாலு வருசமா உங்க வீட்டுக்கு வந்து போறாரு. என்ன குடுத்தாங்கன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் காப்பிங்கறாரு. நேத்தும் காப்பிதானாம். நீங்களே குடிக்காத டீய ஊர்க்காரங்க எதுக்குண்ணா குடிக்கணும்?"